தந்தி வந்த வீடு

ஏத்தா, நேத்து ராத்திரி மொட்டைமாடியில நீ அழுதது எனக்குக் கேட்கலை. எனக்குக் காது மந்தம்னு ஊருக்கே தெரியும். ஆனா எதுத்த வீட்டு நாய்க்குக் கேட்டிருக்கு. காலையில அது உன்னையப் பார்த்து வாலை ஆட்டுன தினுசே வேற. துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆட்டுச்சு.

சரி, வா, இப்பிடித் திண்ணையில உக்காரு. வெத்தலையை எடு. காம்பைக் கிள்ளு, சுண்ணாம்பைக் கொஞ்சமாத் தடவு. கொஞ்சமான்னேன். உனக்குத்தான் எதையுமே கொஞ்சமாப் பண்ணத் தெரியாதே.

34 வயசு. மெட்ராசுல பெரிய கம்பெனி உத்தியோகம், கைக்குக் கீழ பதினோரு பேரு. என்ன நடந்துச்சுன்னு உங்கம்மா சொன்னா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து என்னமோ அறிக்கை தயார் பண்ணி அனுப்பிருக்க. மேனேஜரு "ஓகே"ன்னு பதில் போட்டுருக்கான். ஓகேக்குப் பின்னாடி ஒரு முற்றுப்புள்ளி. அந்தப் புள்ளி தடுக்கித்தான் நீ விழுந்துருக்க. போன தடவை புள்ளி வெக்கலையே, இந்தத் தடவை எதுக்கு வெச்சான், கோவமா, சலிப்பா, வேலையை விட்டுத் தூக்கப்போறானா. மூணு நாளு சோறு இறங்கலை. நாலாம் நாளு பஸ் ஏறி இங்க வந்து நிக்கிற.

மார்கழியில இருபத்தியோரு புள்ளி வெச்சுத் தெருவை அடைச்சுக் கோலம் போட்டவளுகளை நான் பார்த்திருக்கேன். ஒத்தப் புள்ளிக்கு இத்தாம் பெரிய கோலம் போட்டவ நீ ஒருத்திதான்.

மொறைக்காத. வெத்தலை கசங்குது பாரு.

முந்தாநாள் சாயங்காலம் செல்லைக் காட்டி, "தாத்தா, நான் ஹைலி சென்சிட்டிவ் பெர்சன்"ன்ன. ஏதோ புது டிகிரி வாங்கிட்டபோலன்னு நினைச்சேன். பார்த்தா ஒரு பரீட்சை, மொத்தம் 27 கேள்வி. நீ அத்தனைக்கும் ஆமாம் போட்டிருந்த. பள்ளிக்கூடத்துலகூட நீ இப்பிடி நூத்துக்கு நூறு வாங்கலை. சரி, எனக்கும் வெச்சுப் பாருன்னேன். பளிச்சுன்னு வெளிச்சம், கடுத்த வாசனை, சொரசொரத் துணி, சைரன் சத்தம், இதெல்லாம் உங்களைப் படுத்துமான்னு ஒரு கேள்வி. உங்க அப்பத்தா மொடமொடன்னு கஞ்சி போட்டுக் குடுத்த காக்கிச்சட்டையில 31 வருசம் தபால் குடுத்தவன்கிட்டக் கேட்கிற கேள்வியா இது? கழுத்தைச் சுத்திப் புண்ணு, எவன் கேட்டான்? பசி வந்தா மனசு தடுமாறுமான்னு இன்னொண்ணு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அடுப்படியிலிருந்து உங்க அப்பத்தா "ஆமாம்"னு சத்தமாப் பதில் சொல்லிட்டா. அடுத்தவுக மனநிலை உங்களைத் தொத்திக்குமா, காபித்தண்ணி குடிச்சாப் படபடக்குமா, யாராச்சும் பார்த்துக்கிட்டே நின்னா கைவேலை தடுமாறுமா… கடைசியில கூட்டிப் பார்த்தா எனக்கு 19 வந்துச்சு. "தாத்தா, நீங்களும்தான்"னு நீ சிரிச்ச. எனக்கு வாய் நிறைய வெத்தலை, அதனால துப்பப் போயிட்டேன். வேற ஒண்ணும் இல்லை.

அந்தப் பரீட்சையை எழுதுனது எலைன் ஏரன்னு ஒரு அமெரிக்க அம்மான்னு நீதான் படிச்சுக் காட்டுன. 1996ல புத்தகம் போட்டாக. மறுவருசம் வீட்டுக்காரர் ஆர்தர் ஏரனோட சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிருக்காக. புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து, சட்டுனு மனசு நோகுறவுகளைப் பத்தி ஆராய்ச்சி! யாரைப் பார்த்து யாரு எழுதுனதுன்னு நமக்கெதுக்கு. ஆனா அந்தம்மா சொன்னது நியாயமாத்தான் படுது. இது நோவு இல்லை, பிறவி வார்ப்பு. சிலபேரு நரம்பு வாங்குறதை அதிகமா வாங்கி, வாங்குனதை ஆழமா அசைபோடும்னு சொல்லிருக்காக. நூத்துக்கு 15லேர்ந்து 20 பேரு இப்பிடின்னு அவுக கணக்கு. 2018ல வந்த இன்னொரு ஆய்வு 31 பேருன்னு சொல்லிருச்சு. அப்ப 50 பேரு ஏறுற நம்ம டவுன் பஸ்ஸுல பதினஞ்சு பேரு உன் கட்சி. நீ என்னமோ ஊருக்கே நீ ஒருத்திதான் இப்பிடிப் பிறந்துட்டதா நினைச்சுக் கண்ணைக் கசக்குற. டிக்கெட் குடுக்கிற கண்டக்டரும் அந்தப் பதினஞ்சுல ஒருத்தனா இருப்பான். சில்லறை இல்லைன்னா அவன் எப்பிடிக் கத்துறான்னு கவனி.

ஏன் சொல்றேன்னா, உங்களுக்கு இது சென்சிட்டிவ். எங்களுக்கு இதுக்குப் பேரு ரோசம்.

நம்ம ஊருல மனசு நோகாதவன்னு ஒருத்தனை எனக்குக் காட்டு, பார்ப்போம். வாசல்ல நின்னு "வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லலைன்னு சம்பந்தத்தையே முறிச்ச வீடு இருக்கு. பந்தியில அப்பளம் வெக்காம அடுத்த இலைக்குப் போயிட்டான்னு எந்திரிச்சுப் போனவரு இருக்காரு. உங்க சின்னத்தாத்தன், திருவிழாவுல மாலையை ரெண்டாவதாப் போட்டாகன்னு நாலு வருசம் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கலை. சாமி என்ன பாவம் பண்ணுச்சு? இவுகள்ல எவனையும் யாரும் தொட்டாச்சிணுங்கின்னு சொன்னதில்லை. பொம்பளைப்புள்ள கண்ணுல தண்ணி விட்டா அழுமூஞ்சி. ஆம்பளை துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு விறுவிறுன்னு வெளியேறுனா மானஸ்தன். உள்ள இருக்கிற புண்ணு ஒண்ணுதான், மேல போத்திக்கிற துணிதான் வேற.

என் கதையவே எடுத்துக்க. 2014ல எங்கண்ணன் மூத்த மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையில "தங்கள் நல்வரவை நாடும்"னு போட்டு, மாமன், மச்சான், ஒண்ணுவிட்ட பங்காளி வரைக்கும் பேரு போட்டிருக்கு. கூடப்பொறந்த எம்பேரு இல்லை. அச்சாபீசுல ஒரு வரி விட்டுப்போச்சுன்னு அண்ணன் ஆள் விட்டுச் சொன்னாரு. விட்டுப்போறதுன்னா அதெப்பிடி எம்பேரு இருக்கிற வரி மட்டும் விட்டுப்போகும்? அன்னிக்கு நிறுத்துன பேச்சுதான். கொரோனா வந்தப்ப ஊரே ஆறடி தள்ளி நின்னுச்சு. நாங்க அதுக்கு ஆறு வருசத்துக்கு முந்தியே தள்ளி நின்னுட்டோம்.

சிரிக்காத. இது வேற, உன் புள்ளி வேற. இது குடும்ப விசயம்.

இப்ப கேளு. தந்தின்னு ஒண்ணு இருந்துச்சு. 2013 ஜூலையில மூடிட்டாக. உனக்கு அது மியூசியச் சாமான். அந்தக் காலத்துல கிராமத்துக்குத் தந்தி வருதுன்னா எழவுன்னு அர்த்தம். நல்ல சேதிக்குக் கார்டு போதும், பையப் பைய வரட்டும். கெட்ட சேதிக்குத்தான் காசைக் கொட்டித் தந்தி அடிப்பாக. அதனால சைக்கிள் பையிலிருந்து கடுதாசியை எடுத்தா "என்ன சேதி"ன்னு கேட்பாக, தந்தியை எடுத்தா எதையும் கேட்கமாட்டாக. நேரா நெஞ்சுல அடிச்சுக்குவாக.

1981ல கீழத்தெருவுல ஒரு அம்மா. புருசன் இல்லை, ஒத்த மகன் பம்பாய்க்கு வேலை தேடிப் போயிருந்தான். நான் சைக்கிளை நிறுத்தி "தந்தி"ன்னு சொன்னதுதான் தாமசம், கையில இருந்த முறத்தோட அப்பிடியே சரிஞ்சுட்டா. அரிசி முத்தம் பூராச் சிதறிக் கிடக்கு. "எஞ்சாமியைக் கொண்டுபோயிட்டியே"ன்னு ஒப்பாரி. தெரு கூடிப்போச்சு. ஒரு கிழவி வந்து அவ கொண்டையை அவுத்தே விட்டுட்டா, முறைப்படி அழணும்ல. உறையை இன்னும் யாரும் பிரிக்கலை. நான் பிரிச்சு, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்: "காட் ஜாப் கமிங் சண்டே." வேலை கிடைச்சிருச்சு, ஞாயித்துக்கிழமை வர்றான்.

நான் கத்திச் சொன்னேன். தெருவே சிரிச்சுச்சு. ஆனா அந்த அம்மா அழுகை நிக்கலை ஆத்தா. நல்ல சேதின்னு அவளுக்குப் புரிஞ்சுபோச்சு, தலையை ஆட்டுறா, சிரிக்கக்கூடச் செய்யுறா, ஆனாக் கண்ணுல தண்ணி கொட்டுது, கை உதறுது, மூச்சு ஏறி இறங்குது. சோடா வாங்கிக் குடுத்தாக. ஒரு மணி நேரம் ஆச்சு அந்த உடம்பு அடங்க. அதுக்கப்புறம் உள்ள போயி எனக்கு ரெண்டு கோழிமுட்டை கொண்டாந்து குடுத்தா. அப்பவும் கை லேசா ஆடுது, முட்டை ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு டக்கு டக்குன்னு முட்டுது.

சேதி ஒரு நொடியில மாறிடும், உடம்பு அவ்வளவு வெரசா மாறாது. உன் கூத்தும் இதுதான். மேனேஜரு கோவமா இல்லைன்னு உன் புத்திக்குப் பத்தாவது நிமிசமே தெரிஞ்சிருக்கும். உடம்பு அந்த அம்மா மாதிரி முத்தத்துலயே உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கு. அதை நிறுத்துன்னு நான் சொல்லலை, சொன்னா நிக்கவா போகுது? ஆனா அந்த ஒரு மணி நேரத்துல நீ என்னென்ன பண்ணுனன்னு நினைச்சுப் பாரு. மேனேஜருக்கு ரெண்டு பக்கத்துக்கு விளக்கக் கடுதாசி, கூட வேலை பார்க்கிற புள்ளைக்குப் பதினேழு கேள்வி, ராஜினாமாவுக்கு ஒரு நகல். அந்த அம்மாகூட அழுதாளே தவிர பம்பாய்க்குப் பதில் தந்தி அடிக்கலை.

இன்னொண்ணும் கேட்டுக்க, இது தபால்காரன் மட்டும் சொல்லக்கூடியது. தந்தி ஏன் மொட்டையா இருக்கும்? ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. அன்பில்லாம இல்லை, நாலு காசை மிச்சம் பிடிக்க. உன் மேனேஜரு சிக்னல்ல நின்னுக்கிட்டு ஒத்தக் கையால "ஓகே" போட்டிருப்பான். புள்ளியைப் பத்தி நேத்து உன் தம்பிகிட்டக் கேட்டேன். எழுதிட்டு இடம் விடுற பொத்தானை ரெண்டு தடவை தட்டுனா செல்லே புள்ளி வெச்சுக்குமாம்ல! செல்லுக்கு உம்மேல என்ன கோவம்?

அதுக்காக நீ மோப்பம் பிடிச்சது அத்தனையும் பொய்யின்னு சொல்லமாட்டேன். சின்னப் புள்ளையிலயே, வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் "அப்பத்தாவுக்கும் அம்மாவுக்கும் சண்டையா"ன்னு கேட்பியே. ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருப்பாளுக, ஆனா சண்டை நடந்திருக்கும். உனக்கு மூக்கு கூர்மை. அந்த மேனேஜரு அன்னிக்குச் சடைவாவே இருந்திருக்கலாம். வட்டி கட்டணுமோ, வீட்டுல சண்டையோ, பல்வலியோ. சடைவு இருந்ததை உன் மூக்கு சொல்லுச்சு, சரி. சடைவு உம்மேலதான்னு சொன்னது யாரு? அது மூக்கு சொன்னது இல்லை, நீ எழுதிச் சேர்த்தது. நான் 31 வருசம் தபால் குடுத்தேன், ஒரு கடுதாசிகூட எழுதிக் குடுத்ததில்லை. உனக்குள்ள இருக்கிற தபால்காரன் பொல்லாதவன். கடுதாசியை அவனே எழுதி, அவனே முத்திரை குத்தி, ராத்திரி ரெண்டு மணிக்கு அவனே கொண்டாந்து கதவைத் தட்டுறான்.

அப்புறம் இந்த "ஹர்ட் ஆயிருச்சு". மாமியார் ஏதோ சொன்னாலும் ஹர்ட், கட்டுனவன் மறந்தாலும் ஹர்ட், கூட்டாளிக்குப் பிரமோசன் வந்தாலும் ஹர்ட். எல்லா நோவுக்கும் ஒரே மாத்திரை குடுக்கிற டாக்டர்கிட்டப் போவியா? நெருங்குனவுக செஞ்சா அது மனத்தாங்கல். நடந்திருக்கலாமே, நடக்கலையேன்னா ஆதங்கம். ஒண்ணும் பண்ணமுடியலையேன்னு வந்தா ஆற்றாமை. வெளிய சொல்லமுடியாம உள்ளயே வேகுறது குமைச்சல். கூட்டாளி பிரமோசனுக்கு வந்தது எதுன்னு உனக்கே தெரியும், அதை நான் பேரு சொல்லமாட்டேன். இதுக்கும் நீ ஒரு ஆராய்ச்சி படிச்சுக் காட்டுன. கலிபோர்னியாவுல லீபர்மன்னு ஒருத்தர் 2007ல பார்த்தாராம். வர்ற உணர்ச்சிக்குப் பேரு வெச்சுட்டா, மூளையில பதறுற இடம் கொஞ்சம் அடங்குதாம். உங்க தமிழய்யாகிட்ட டீக்கடையில இதைச் சொன்னேன். அவரு விடுவாரா? அவுக ஒண்ணு சொன்னா நாம ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே சொல்லிட்டோம்னு சொல்லணுமே, அது நம்ம வழக்கம்ல. ஆனா அவரு சொன்ன ஒண்ணு எனக்குப் பிடிச்சுச்சு. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டுன்னு சொல்லி, அழுகை வர நாலு காரணம் சொல்றாராம். அதுல முதல்ல வைக்கிறது இளிவு, அடுத்ததுதான் இழவு. ஒருத்தன் தன்னையக் கீழா நடத்திட்டான்கிற நோவை, சாவுக்கு முன்னாடி வெச்சிருக்காரு. அந்த மனுசனுக்கும் யாரோ பத்திரிகையில பேரை விட்டுருப்பாக.

தொட்டாச்சிணுங்கின்னு உங்க அத்தைமாரு உன்னையக் கூப்பிடுறதைப் பத்தி ஒரு வார்த்தை. 2014ல வந்த ஆராய்ச்சி ஒண்ணுல மோனிகா காக்லியானோன்னு ஒரு அம்மா, அந்தச் செடியைத் தொட்டியோட 15 சென்டிமீட்டர் உசரத்துலேர்ந்து திரும்பத் திரும்பப் பொத்துப் பொத்துன்னு விட்டுப் பார்த்திருக்காக. வேலையைப் பாரு! முதல்ல இலையைச் சுருக்குச்சாம். கொஞ்ச நேரத்துல, இதுனால ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு விரிச்சபடியே இருந்துச்சாம். ஆனா வேற மாதிரி உலுக்குனா, உடனே சுருக்கிக்கிச்சாம். ஒரு மாசம் கழிச்சும் அந்தப் பாடத்தை மறக்கலையாம். சிணுங்குறதை அது விட்டுடலை, எதுக்குச் சிணுங்கணும்னு கத்துக்கிச்சு. உங்க அத்தைக அந்தப் பேரை வசவா நினைச்சுச் சொல்றாளுக. சொல்லட்டும்.

எனக்கு என்னமோ நீ கொடிக்கால்னு தோணும். வெத்தலையைக் கையில வெச்சிருக்கியே, இது சும்மா வருதா? சோழவந்தான் வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்தாகன்னு பேப்பர்ல போட்டான். அந்தக் கொடியோட நோப்பாளம் பேப்பர்க்காரனுக்குத் தெரியாது. முதல்ல அகத்தியை விதைச்சு, அது வளர்ந்து நிழல் குடுத்த அப்புறம்தான் கொடி. வெயில் பட்டா வாடும். தண்ணி நின்னா அழுகும், தண்ணி காஞ்சாக் கருகும். கொடிக்காலுக்குள்ள செருப்புப் போட்டுக்கிட்டுப் போகவிடமாட்டாக. எங்கய்யா கொடிக்கால் வரப்புல நின்னுதான் செருப்பைக் கழட்டுவாரு, கோயிலுக்குக்கூட அப்பிடிக் கழட்டமாட்டாரு. இந்தப் பக்கம் சீமைக்கருவேலை இருக்கு. அதுக்கு நிழலும் வேணாம், தண்ணியும் வேணாம், வெட்டுனாலும் வளரும். அதுக்காகச் சீமைக்கருவேலையைத் தாம்பாளத்துல வெச்சு எவனும் நிச்சயதார்த்தம் பண்ணலை.

அமெரிக்காவுல பாய்ஸ், எல்லிஸ்னு ரெண்டு பேரு 2005ல இதைத்தான் ஆர்க்கிட் பூன்னும் டேன்டிலையன் பூன்னும் வேற வேற செடியை வெச்சுச் சொன்னாகன்னு நீ படிச்ச. லண்டன்ல கஷ்டப்பட்ட பகுதிப் பள்ளிக்கூடம் ஒண்ணுல, 11 வயசுப் பொண்ணுகளுக்கு மனச்சோர்வு வராம இருக்கப் பாடம் நடத்திப் பார்த்ததையும் படிச்சியே. 2015ல வந்தது. பலன் கிடைச்சது உன்னைய மாதிரிப் புள்ளைகளுக்குத்தானாம், மத்தவளுகளுக்குப் பெருசா ஒண்ணும் ஒட்டலையாம். அந்த இடத்துல மட்டும் நீ குரலைத் தாழ்த்திப் படிச்ச. எனக்குக் காது மந்தம்தான். அது கேட்டுச்சு.

ஆனா ஒண்ணு. நான் கொடி, நான் கொடின்னு சொல்லிக்கிட்டு, போற வர்றவனையெல்லாம் உனக்குப் பந்தல் பிடிக்கச் சொல்லாத. உன் புருசன் பாவம், மூணு நாளா எனக்குப் போன் பண்ணி "தாத்தா, நான் என்ன சொன்னாலும் தப்பாகுது, சொல்லாம இருந்தாலும் தப்பாகுது"ன்னு புலம்புறான். உன் அகத்தியை நீதான் ஊனிக்கணும். பசியோட செல்லைப் பார்க்காத. பரீட்சையிலயே கேட்டிருக்காகல்ல, பசிக்கு மனசு தடுமாறுமான்னு. ஒம்போது மணிக்கு மேல வர்ற எந்த ஓகேயையும் விடியட்டும்னு விடு. கல்யாண மண்டபத்துல மேளச்சத்தம் மண்டையை இடிச்சா, எந்திரிச்சு வெளிய போயி நில்லு. நான் அம்பது வருசமா அதைத்தான் பண்றேன், எல்லாரும் பீடி குடிக்கப் போறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காக. நான் பீடியே குடிச்சதில்லை.

இதெல்லாம் வெத்தலை மெல்லுற கிழவன் பேச்சு, இதுக்கு ஒரு எல்லை உண்டு. வாரக்கணக்காத் தூக்கம் இல்லை, பொழுது விடியறதே பாரமா இருக்கு, இருந்து என்ன பண்ணன்னு தோணுதுன்னா, அது மென்மனசுக் கணக்குல வராது, டாக்டர் கணக்கு. 2022லேர்ந்து அரசாங்கமே டெலிமானஸ்னு வெச்சிருக்கு, 14416. ராத்திரி எந்நேரமும் எடுப்பாக, தமிழ்லயே பேசுவாக, காசு இல்லை. நம்பரைச் செல்லுல போட்டு வெச்சுக்க. எனக்கும் போட்டுக்குடு. சும்மாத்தான்.

சரி, மடிச்ச வெத்தலையைக் குடு. சுண்ணாம்பு கூடிப்போச்சு, நாக்கு எரியுது. பரவாயில்லை.

போறதுக்குள்ள ஒரு வேலை. வர்ற ஆவணி 20 அண்ணனோட சின்ன மகனுக்குக் கல்யாணம். அண்ணனே நேர்ல வந்து பத்திரிகை குடுத்துட்டுப் போனாரு. உத்திரத்துல சொருகிருக்கேன், எடுத்துப் பாரு. எம்பேரு இருக்கு. ஆனா மூணாவதா இருக்கு. முதல்ல மாமன் பேரு, ரெண்டாவது யாரோ சம்பந்தி பேரு. நான் போறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணலை. நீ எப்பிடியும் போவ. எம்பேருல 1001 மொய் எழுதிடு. இனிசியலை விட்டுடப்போறான், பக்கத்துலயே நின்னு பாரு.